பட்டக்காரர் வாங்கிய வெற்றிலை

எங்கள் அலுவலகத்தில் தர்மன் அலுவலக உதவியாளர். காலையில் பூட்டைத் திறப்பார், ஜன்னல்களைத் திறந்து வைப்பார், கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவார், பதினொரு மணி வாக்கில் எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வருவார். இதே தர்மன் சித்தேரி மலைமேல் ஏழு ஊருக்குப் பட்டக்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பட்டக்காரர்கள்தான். அந்த ஏழு ஊரில் கல்யாணம் என்றால் தாலியை முதலில் தொட்டுக் கொடுப்பவர் அவர். வரப்புச் சண்டை என்றால் கல் நட்டுத் தீர்ப்பவர் அவர். மலைமேல் அவருக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். கீழே அலுவலகத்தில் அவர் உட்காருவதற்கென்று ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதிலும் பெரும்பாலும் கோப்புகள்தான் இருக்கும்.

நான் அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரத்தில் மலையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் நின்றுகொண்டே இருந்தார்கள். தர்மன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேடம், நான் அந்தப் பக்கம் போனாத்தான் இவங்க உக்காருவாங்க."

அவர் வராந்தாவுக்குப் போனார். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் சந்திரமோகன் சார் அவரை மகாராஜா என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. கிண்டல் பண்ணாமல் அவருக்குப் பேச வராது.

"மகாராஜா, அந்த ஃபைல் இன்னும் வரலையே. படை எடுத்துப் போயிட்டீங்களா?"

"படையெல்லாம் லீவுல போயிருக்குதுங்க சார். ராஜா மட்டும்தான் கிளாஸ் கழுவிக்கிட்டு இருக்குது."

இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும். தர்மன் ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

போன ஆடியில் சின்னக்கா வந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண். கொழிஞ்சிக்காடு அவள் ஊர். ஏழு ஊரில் ஒன்று. வந்தவள் என்னிடமும் வரவில்லை, கண்காணிப்பாளரிடமும் போகவில்லை. வராந்தாவில் நின்றிருந்த தர்மனுக்கு முன்னால் போய், மடியில் கட்டியிருந்த வெற்றிலையை எடுத்து, பாக்கையும் ஒரு பிடி சாமையையும் மேலே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எம்மவன் சங்கரு ஆந்திராவுல உள்ள கெடக்கறானுங்க, பட்டக்காரரே. கட்டட வேலைன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. காட்டுக்குள்ள மரம் வெட்டறப்பப் புடிச்சுட்டாங்களாம். கொண்டாந்து வுட்டுருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தர்மன் கையை நீட்டாமல் கொஞ்ச நேரம் நின்றார். அவர் கையில் அப்போது ஈரத்துணி இருந்தது. அதை ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டார். சின்னக்கா தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மகனை மீட்டாகிவிட்டது என்கிற மாதிரி நடந்து போனாள்.

மத்தியானம் சாப்பிடும்போது தர்மன் எனக்கு விளக்கினார். பட்டக்காரர் முன்னால் ஒருவர் வெற்றிலை நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளியதாக அர்த்தம். அந்த வீட்டில் ஏழு ஊரும் தண்ணீர் வாங்கிக் குடிக்காது. வாங்கிவிட்டால் அந்தக் காரியம் பட்டக்காரருடையது. அது முடிகிறவரை வெற்றிலை வைத்தவளும், யாருக்காக வைத்தாளோ அவனும், வேறு யாரிடமும் போய் நிற்கக் கூடாது, வேறு சபையில் வாய் திறக்கக் கூடாது. போனால் பட்டக்காரரைக் கையாலாகாதவர் என்று சொன்னதாக ஆகும்.

"அப்ப நீங்க என்ன செய்வீங்க, தர்மண்ணா?"

"மலைமேல நடந்த தப்பா இருந்தா தலைப்பாகையக் கழட்டி ஈடா வெச்சு ஆளக் கூட்டிக்கிட்டு வந்துருவேன் மேடம். எங்க தாத்தா அப்பிடி நெறையப் பேரக் கூட்டியாந்திருக்காரு. இது ஆந்திரா. அங்க எந்தலைப்பாகைய வெச்சா அந்தத் துண்ட மடிச்சு எங்கிட்டயே குடுத்துருவாங்க."

"அவங்ககிட்ட அதச் சொல்லலாம்ல?"

"சொன்னேன் மேடம். பஸ் ஏறறப்பவே சொன்னேன். என்னால ஆகாது சின்னக்கான்னு. சிரிச்சுக்கிட்டே போயிடுச்சு. கையில வெத்தலைய வெச்சுக்கிட்டு வாயில ஆகாதுன்னு சொன்னா யாரு நம்புவாங்க? தன்னடக்கம்னு நெனைச்சுக்குது."

தர்மன் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் சந்திரமோகன் சாரிடம் போனார். சார் அன்றைக்கு மகாராஜா என்று கூப்பிடவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரிக்கு ஃபோன் போட்டார். அவர் வேறு மாநிலத்து வழக்கில் தலையிட முடியாது என்றார். அடுத்து மலைமக்களுக்கான துறையில் ஒருவரிடம் பேசினார். அவர் நல்லபடியாகப் பேசிவிட்டு, சிறை சம்பந்தப்பட்டது தங்கள் பக்கம் வராது என்றார்.

"எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க, தர்மா" என்றார் சார். "யாரு கையிலயும் ஒண்ணும் இல்ல."

பிறகு நானே விசாரித்து, தர்மபுரியில் சுமித்ரா என்கிற வக்கீலைக் கண்டுபிடித்தேன். இந்த மாதிரி மரம் வெட்டப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்காகக் காசு வாங்காமல் வழக்கு நடத்துபவர். தர்மனும் நானும் போய்ப் பார்த்தோம். அவர் மேசையில் ஏற்கெனவே அதே வழக்கின் பேப்பர்கள் இருந்தன. சங்கரோடு பிடிபட்ட மற்றவர்கள் வேறு மலைக்காரர்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஆட்கள் வந்துபோய்விட்டார்கள்.

"உங்க சங்கர் ஒருத்தர்தான் பாக்கி" என்றார் சுமித்ரா. "அவங்க அம்மா ஆதார், ரேஷன் கார்டு எடுத்துக்கிட்டு வந்தாப் போதும். எங்கூட ஒரு தடவை அங்க வந்து, இவன் எம்மவன்தான்னு சொல்லணும். எல்லாருக்கும் சேர்த்து மனு போட்டுடலாம். தனியா விட்டுட்டா கஷ்டம். அப்புறம் கோர்ட்டு லீவு வந்துரும்."

"அம்மாவுக்குப் பதிலா நான் வரலாங்களா?"

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

தர்மன் பதில் சொல்ல வாயெடுத்தார். பட்டக்காரர் என்று சொன்னால் அந்த மேசையில் அதற்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். "ஒரே ஊருங்க" என்றார்.

"ஊர்க்காரர் பத்தாதுங்க. ரத்த சொந்தம் வேணும். இல்லேன்னா அவரே வக்காலத்துல கையெழுத்துப் போடணும். அதுக்கு அம்மா வந்து தைரியம் சொன்னா நல்லது. புதுசாப் போற வக்கீல நம்ப மாட்டாங்க உள்ள இருக்கறவங்க."

சின்னக்காவுக்குச் சொல்லி அனுப்பினோம். பதில் வந்தது: பட்டக்காரர் பார்த்துக்கொள்வார், நான் எதற்கு. மறுபடியும் சொல்லி அனுப்பினோம். அதற்கு அவள் ஒரு படி தேனும் கொஞ்சம் கடுக்காயும் கொடுத்தனுப்பினாள், பட்டக்காரர் வீட்டுக்கு.

தர்மன் வீடு எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவில் இருக்கிறது. தேனைக் கொடுக்கப் போனபோது அவர் மனைவி அம்பிகா ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். காய்கறித் தட்டில், ஈரத்துணியில் சுற்றி அந்த வெற்றிலை இருந்தது. மேல் தட்டில் இட்லி மாவு.

"தெனமும் துணிய நனைச்சு வெக்கறேன் மேடம். இவரு ராத்திரி சாப்பிட உக்காந்தா ஃபிரிட்ஜையே பாத்துக்கிட்டு இருக்காரு. மாவு எடுக்கக் கூடப் பயமா இருக்குது."

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தர்மன் இன்னொரு வழியைச் சொன்னார். வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏழு ஊர் ஆட்களுக்கு முன்னால், இந்தக் காரியம் என்னால் ஆகவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால், சின்னக்கா எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அப்படிக் கொடுத்தவர் அந்த இடத்திலேயே தலைப்பாகையையும் கழற்றி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் பட்டக்காரர் இல்லை. அடுத்த பங்காளி எடுத்துக் கட்டிக்கொள்வான்.

"இதுவரைக்கும் யாராச்சும் குடுத்திருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

"அடுத்த பங்காளி யாரு?"

தர்மன் அம்பிகாவைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். "இவரு சித்தப்பா மவன் சிலம்பரசன். சங்கர வண்டியில ஏத்துனவனே அவன்தான்."

அந்தச் சனிக்கிழமை நானும் கூட மலைக்குப் போனேன். தர்மன்தான் கூப்பிட்டார். தான் சொல்வதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள், வெளியாள் ஒருத்தி சட்டத்தைச் சொன்னால் காதில் ஏறும் என்று நினைத்தார்.

அரூரில் சித்தேரி பஸ் ஏறினோம். தர்மன் ஏறியதும் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். கண்டக்டர் புதுசு.

"என்னய்யா எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க? வண்டி இன்னும் எடுக்கவே இல்ல."

தர்மன் அவசரமாக ஒரு சீட்டில் உட்கார்ந்தார். அப்போதும் யாரும் உட்காரவில்லை. மலையேறும் வழி முழுக்க அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதில் தலைப்பாகையும், ஈரத்துணியில் வெற்றிலையும்.

கொழிஞ்சிக்காட்டில் கோயில் வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பட்டக்காரர் உட்காரும் கல்லில் ஒரு கம்பளியை விரித்திருந்தார்கள். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அவர் அதில் உட்கார்ந்தபோது, தினமும் எனக்கு டீ வைத்துவிட்டுப் போகிற ஆளைத் தேடிப் பார்த்தேன். கழுத்து நிமிர்ந்து, குரல் கூட மாறியிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு புது பிக்கப் வண்டி. அதில் சாய்ந்துகொண்டு சிலம்பரசன் நின்றான். முப்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

முதலில் நான் பேசினேன். சின்னக்கா வந்து கையெழுத்துப் போட்டால் மகன் வெளியே வருவான் என்றேன். வராவிட்டால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள், இவன் மட்டும் உள்ளே இருப்பான் என்றேன். பொறுமையாகக் கேட்டார்கள். நான் முடித்ததும் குள்ளன் என்கிற வயசான ஆள் கேட்டார்.

"நீங்க பட்டக்காரரு ஆபீசுல வேல பாக்கறவங்களா, கண்ணு?"

"ஆமாங்க."

"அவரு உங்கள நல்லா வெச்சிருக்காருங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். எல்லாருக்கும் திருப்தி.

பிறகு தர்மன் எழுந்தார். பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பிரித்தார். வெற்றிலை ஓரத்தில் கறுத்திருந்தது. நடுவில் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"சின்னக்கா, இங்க வா. இது என்னால ஆகல. ஏழு ஊரு முன்னால சொல்றேன். நான் கேட்டுப் பாத்தேன், அலைஞ்சு பாத்தேன். எங்கையில ஒண்ணும் இல்ல. நீ வக்கீலம்மாகிட்டப் போ. கையை நீட்டு."

சின்னக்கா வந்தாள். கையை நீட்டவில்லை. சேலைத் தலைப்புக்குள் இரண்டு கையையும் சுருட்டிக்கொண்டாள்.

"நான் வாங்க மாட்டனுங்க."

"உம்மவன் வரணுமா வேண்டாமா?"

"வரணுங்க. நீங்க கொண்டாங்க."

பிக்கப் பக்கமிருந்து சிலம்பரசன் பேசினான். "வாங்கிக்க சின்னக்கா. அண்ணன் மனசாரத்தானே குடுக்கறாரு. பொறவு நான் பாத்துக்கறேன். எனக்கு அங்க ஆளுங்களத் தெரியும்."

"தெரியாமயா எம்மவன அங்க கொண்டுபோயி வுட்ட" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "பட்டக்காரரே, இத நான் வாங்குனா நாளைக்கு அந்தக் கல்லுல யாரு உக்காருவா? இன்னும் எத்தன பொம்பள வெத்தலையத் தூக்கிக்கிட்டு அவங்கிட்டப் போயி நிக்கணும்? எம்மவன் ஒருத்தனுக்காவ ஏழு ஊரையும் அவன் வண்டியில ஏத்தச் சொல்றீங்களா?"

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தர்மன் நீட்டிய கையோடு நின்றார். வாங்குகிறவள் வாங்காவிட்டால் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கில்லை. அவரால் அதைத் தரையில் வைக்கவும் முடியாது. தரையில் வைத்தால் அது சாவுக்குச் செய்வது. கடைசியில் குள்ளன் எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்து மெதுவாக மடக்கிவிட்டார்.

"உக்காருங்க பட்டக்காரரே. புள்ள வந்துருவான். நீங்க மனசு வெச்சாச் சரி."

திரும்பி வரும்போது, பஸ் அடிவாரம் வந்ததும், "அது மட்டும் கையை நீட்டியிருந்தா இந்நேரம் நான் வெறும் பியூனு மேடம்" என்றார் தர்மன். "எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும்."

திங்கட்கிழமை சுமித்ராவுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர், அம்மா வராவிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்களுக்காகப் போகும்போது தானே சிறைக்குள் போய்ச் சங்கரிடம் கையெழுத்து வாங்கிவிடுவதாகச் சொன்னார். தர்மனிடம் சொன்னேன். அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. அந்த வாரம் முழுக்க நன்றாகவே இருந்தார். சந்திரமோகன் சாரும் பழையபடி மகாராஜா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் சுமித்ரா பேசினார். மற்ற எல்லாருக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது. சங்கர் பேப்பரைத் தொடவே இல்லை.

"கும்பிட்டுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாருங்க. எங்கிட்டக் கோவம் கூட இல்ல. எங்காரியம் பெரிய இடத்துல இருக்குது, நீங்க சிரமப்படாதீங்கன்னு சொல்றாரு. அவங்க அம்மா ஃபோன்ல சொல்லியிருக்காங்க போல. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், சசிகலா. இனிமே லீவு முடிஞ்சுதான்."

இதைத் தர்மனிடம் நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அவர் ஃபோன் அடித்தது. வராந்தாவில், என் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். அந்த ஃபோனில் ஸ்பீக்கர் போடாமலே எதிர்முனை வெளியே கேட்கும். முதலில் ஏதோ தெலுங்கில் ஒரு பதிவுக் குரல். பிறகு ஒரு பையன் குரல்.

"பட்டக்காரருங்களா? கும்பிடறேனுங்க. சங்கரு பேசறேன். உள்ள இருந்து வாரத்துல ஒருக்கா பேச வுடுவாங்க. அம்மாதான் இந்த நம்பரக் குடுத்துச்சு."

"சங்கரு. சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சுங்க. இங்க தெனமும் அரிசிச் சோறுதாங்க. கல்யாண வூடு மாதிரி." சிரித்தான்.

"கூட இருந்தவங்க?"

"போயிட்டாங்க. பாவங்க, அவங்களுக்குப் பட்டக்காரரு இல்ல. வக்கீலம்மாவப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க."

தர்மன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சங்கரு, நான் சொல்றத நல்லாக் கேளு. வக்கீலம்மா மறுபடி வருவாங்க. காயிதத்துல கையெழுத்துப் போடு. என்னால ஆகாது. நான் சும்மா சொல்லல. நான் இங்க ஆபீசுல டீ வாங்கிக் குடுக்கறவன். எனக்கு யாரையும் தெரியாது. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. புரியுதா?"

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதுங்களா." அவன் குரல் இன்னும் மரியாதையாக இறங்கியது. "நான் உள்ள எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கறேன். எங்க பட்டக்காரரு வெத்தலை வாங்கிட்டாருன்னு. ஜெயிலரய்யாகிட்டக் கூடச் சொன்னேன். எப்பங்க வர்றீங்க?"

தர்மன் வாயைத் திறந்தார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

உடனே அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தார். வெளியிலிருந்து அதற்குப் பேச முடியாது போலிருக்கிறது. பெண் குரல் ஒன்று தெலுங்கில் எதையோ சொன்னது. அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அது சொல்லி முடிக்கும்வரை அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடியும் அடித்தார்.